செப்டம்பர் 17 யாருடைய நாள்?

(விழுப்புரம் மாவட்டம் இடையஞ்சாவடியில் இளைஞர்கள் செப்டம்பர் 17 அன்று நடத்திய மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் இன்றைய தாளைப் பாருங்கள். பெரிய எழுத்தில் 17 என்று இருக்கும். பக்கத்தில் புரட்டாசி 1. ராகு காலம், எமகண்டம், குளிகை எல்லாம் இருக்கும். எங்காவது ஓரத்தில், பொடி எழுத்தில், 'பெரியார் பிறந்த நாள்' என்று இருந்தாலும் இருக்கும். கறிக்கடையில் கூட்டம் குறையத் தொடங்கும் நாளும் பெரியார் பிறந்த நாளும் ஒன்றாக வருகிற விசித்திரம் நம் ஊருக்கே உரியது. இதைக் கேட்டால் அந்தக் கிழவர் சிரித்திருப்பார்.

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் இங்கே நிறைய பேர் இருக்கிறீர்கள். 'வரலாற்றில் இன்று' என்று வருகிற பட்டியல்கள் உங்களுக்குப் பழக்கம். செப்டம்பர் 17-க்கு அப்படி ஒரு பட்டியல் போட்டால் எப்படி இருக்கும்? 1879: ஈரோட்டில் பெரியார் பிறந்தார். 1948: ஐதராபாத் நிஜாம் இந்திய இராணுவத்திடம் பணிந்தார். 1949: சென்னையில் திராவிட முன்னேற்றக் கழகம் தொடங்கப்பட்டது. 1950: குஜராத்தின் வட்நகரில் நரேந்திர மோடி பிறந்தார். 1987: வன்னியர் சங்கத்தின் ஒரு வார சாலை மறியல் தொடங்கியது. 2021: தமிழ்நாடு அரசு இந்த நாளை முதல் முறையாகச் சமூகநீதி நாளாகக் கடைப்பிடித்தது. 2023: பி.எம். விஸ்வகர்மா திட்டத்தைப் பிரதமர் தொடங்கி வைத்தார்.

ஏழு வரி. மனப்பாடம் செய்தால் ஏதாவது ஒரு தேர்வில் ஒரு மதிப்பெண் கிடைக்கும். ஆனால் இந்த ஏழு வரியும் ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டிருக்கின்றன. பட்டியலில் அந்தச் சண்டை தெரியாது. ஒன்றின் கீழ் ஒன்றாக அமைதியாக நிற்கும். அந்தச் சண்டையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். அதில் ஒரு பகுதி நம் மாவட்டத்துச் சாலையிலேயே நடந்தது. அது இன்னும் முடியவில்லை.

தற்செயல், தேர்வு, அரசாணை

ஒரு நாளில் இரண்டு நிகழ்ச்சிகள் சேர்ந்து வருவதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். ஒன்று தற்செயல். பெரியாரும் மோடியும் ஒரே தேதியில் பிறந்தது தற்செயல். வருடத்துக்கு 365 நாள்தான். யாராவது யாரோடாவது ஒரே நாளில் பிறந்துதான் ஆக வேண்டும். இரண்டாவது தேர்வு. பெரியாரிடமிருந்து பிரிந்து வந்தவர்கள், புதுக் கட்சியை அவர் பிறந்த நாளிலேயே தொடங்கினார்கள். தலைவர் நாற்காலி அவருக்காகக் காலியாக இருக்கும் என்றும் சொன்னார்கள். மூன்றாவது அரசாணை. அரசு ஒரு நாளை எடுத்து, அதற்கு ஒரு பெயர் வைத்து, உறுதிமொழி எடுக்கச் சொல்வது.

தற்செயலை அப்படியே விட்டுவிட மனிதர்களுக்கு மனம் வராது. நம் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. அரவிந்தர் பிறந்தது 1872 ஆகஸ்ட் 15. நாடு விடுதலை அடைந்ததும் ஆகஸ்ட் 15. இது வெறும் தற்செயல் அல்ல, தன் பணிக்குக் கிடைத்த தெய்வ ஒப்புதல் என்ற பொருளில் அவரே 1947-ல் செய்தி வெளியிட்டார். இடையஞ்சாவடியை ஒட்டியிருக்கும் ஆரோவில்லில் ஆகஸ்ட் 15 இரட்டைச் சிறப்புடைய நாள். அவர்களுடைய நம்பிக்கையோடு எனக்கு வழக்கு இல்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். தற்செயலாக வந்த ஒரு தேதி, யாரோ ஒருவர் அதற்குப் பொருள் சொன்ன பிறகுதான் வரலாறாகிறது. பொருள் சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

ஐதராபாத்தைப் பாருங்கள். 1948 செப்டம்பர் 13 அன்று இந்திய இராணுவம் உள்ளே நுழைந்தது. 17 அன்று நிஜாம் பணிவதாக அறிவித்தார். அந்த ஒரே நாளுக்கு இன்று எத்தனை பெயர்கள்! ஒன்றிய அரசு 2022 முதல் அதை 'விடுதலை நாள்' என்று கொண்டாடுகிறது. அன்றைய தெலங்கானா அரசு 'தேசிய ஒருமைப்பாட்டு நாள்' என்றது. அடுத்து வந்த காங்கிரஸ் அரசு 2024-ல் 'மக்களாட்சி நாள்' என்ற பொருளில் இன்னொரு பெயர் வைத்தது. நிஜாமின் ஜமீன்தார்களை எதிர்த்து 1946 முதல் ஆயுதம் தூக்கிய உழவர்களுக்கு இதில் எந்தப் பெயர்? இராணுவ நடவடிக்கையின்போதும் அதற்குப் பிறகும் கொல்லப்பட்ட முஸ்லிம்கள் 27,000 முதல் 40,000 பேர் வரை இருக்கலாம் என்று அரசு அனுப்பிய சுந்தர்லால் குழுவே கணக்கிட்டது. அவர்களுடைய குடும்பங்களுக்கு அது என்ன நாள்? பெயர் வைக்கும்போதே யாரை மறப்பது என்பதும் முடிவாகிவிடுகிறது.

பிறப்பை மறுப்பவர்களுக்குப் பிறந்த நாள் எதற்கு?

நம்மைப் பார்த்துச் சிலர் கிண்டலாக ஒரு கேள்வி கேட்பார்கள். பிறப்பில் ஒன்றுமில்லை என்று சொல்கிற நீங்கள் ஏன் பிறந்த நாள் கொண்டாடுகிறீர்கள்? நியாயமான கேள்விதான்.

பெரியார் தன் பிறந்த நாளைக் கொள்கைப் பிரச்சாரத்துக்கு ஒரு சாக்காகத்தான் பயன்படுத்தினார். வருடந்தோறும் மலருக்குச் செய்தி எழுதினார். அந்த வருடம் என்ன செய்தோம், இன்னும் என்ன பாக்கி என்று கணக்குப் பார்த்தார். 94 வயது வரை அந்தக் கணக்கு ஓடியது. எந்தச் சாதியில் பிறந்தாய் என்பது பிறப்பு. பிறந்த பின் என்ன செய்தாய் என்று வருடத்துக்கு ஒரு முறை கேட்டுக்கொள்வது பிறந்த நாள். முதலாவதை ஒழிப்பதற்கு இரண்டாவது உதவுமானால் கொண்டாடலாம். உதவாவிட்டால் மாலை வாடுவதோடு அதுவும் முடிந்துவிடும்.

இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டு 2023-ஐப் பாருங்கள். வட இந்தியாவில் விஸ்வகர்மா பூசை சூரியன் கன்னி ராசிக்கு வரும் நாளில் நடக்கும். பெரும்பாலும் செப்டம்பர் 17. பிரதமரின் பிறந்த நாளும் அதுவே. அந்த நாளில், 13,000 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் 18 கைத்தொழில்களுக்கான திட்டம் தொடங்கப்பட்டது. தச்சர், கொல்லர், பொற்கொல்லர், குயவர், சிற்பி, செருப்புத் தைப்பவர், முடி திருத்துபவர், சலவைத் தொழிலாளி, கூடை முடைபவர், மீன்வலை பின்னுபவர் என்று பட்டியல் போகிறது. பயிற்சி உண்டு. பயிற்சிக் காலத்தில் நாளுக்கு 500 ரூபாய் உதவித்தொகை. கருவி வாங்க 15,000 ரூபாய். 5 விழுக்காடு வட்டியில் முதலில் 1 லட்சம், பிறகு 2 லட்சம் கடன். வயது 18 ஆனால் போதும்.

பணம் கொடுப்பதில் என்ன தவறு? ஒன்றுமில்லை. கைத்தொழில் செய்கிறவருக்கு மலிவான கடன் கட்டாயம் வேண்டும். சிக்கல் அந்தத் திட்டம் பேசும் மொழியில் இருக்கிறது. குடும்பம் வழிவழியாகச் செய்துவரும் தொழில், குரு–சிஷ்யப் பரம்பரை என்று அது பேசுகிறது. 18 வயதில் ஒரு பையனோ பெண்ணோ கல்லூரிக்குப் போக வேண்டும். அந்த வயதில் 'உன் அப்பா செய்த தொழிலுக்கு வா, கடன் தருகிறேன்' என்று அரசு கூப்பிடுவது வேறு அழைப்பு. தமிழ்நாட்டுக்கு இது புதிதும் அல்ல. 1953-ல் இராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில் பிள்ளைகளுக்குப் பள்ளி மூன்று மணி நேரம், மீதி நேரம் பெற்றோரின் தொழில். குலக்கல்வி என்று அதற்குப் பெயர் வைத்து எதிர்த்தார்கள். அடுத்த வருடமே காமராசர் ஆட்சியில் அது கைவிடப்பட்டது. அந்த நினைவு இருந்ததால்தான் 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு, இந்த வடிவத்தில் விஸ்வகர்மா திட்டத்தை நடைமுறைப்படுத்த இயலாது என்று ஒன்றிய அரசுக்கு எழுதியது. 2025 ஏப்ரலில் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது. அதில் தொழில்கள் 25. குறைந்தபட்ச வயது 35. குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை.

மரக்காணத்து மக்களுக்காக ஒரு வரி சேர்க்கிறேன். அந்த 18 தொழில்களில் உப்பளத் தொழில் இல்லை. வெயிலில் பாத்தி மிதித்து, உப்பு வாரி, கரையில் குவிக்கிற வேலை கைவினைக் கணக்கில் வராது. கைவினை என்றால் கருவிக்குப் பூசை போட வேண்டும், பரம்பரை சொல்ல வேண்டும். உப்பளத்தில் கூலிக்கு நிற்கிறவருக்குப் பெருமையாகச் சொல்ல ஏது பரம்பரை? மழைக்காலம் வந்தால் வேலை நிற்கும். அவருடைய நிலைமையை இந்தச் சாதித் தொழில் மொழியால் புரிந்துகொள்ளவே முடியாது.

ஆக, ஒரே தேதியில் இரண்டு கருத்துகள் எதிரெதிராக நிற்கின்றன. பிறப்பு உன் தொழிலைத் தீர்மானிக்கட்டும் என்பது ஒன்று. பிறப்பு எதையும் தீர்மானிக்கக் கூடாது என்பது மற்றொன்று. இதுவரை சொன்னதில் இங்கே யாருக்கும் பெரிய மறுப்பு இருக்காது. கைதட்டவும் செய்தீர்கள். இனி பேசப்போவது கொஞ்சம் கடினம்.

1987: நம் சாலையில் நடந்தது

விழுப்புரம் மாவட்டத்தில் செப்டம்பர் 17 என்றால் பெரும்பாலான வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவது பெரியார் இல்லை. 21 பேர். இந்த மண்ணில் பேசும்போது அதை மறைத்துப் பேசுவது நேர்மை ஆகாது.

பின்னணியைச் சொல்கிறேன். இடஒதுக்கீட்டின் கதை நூறு வருடத்துக்கும் மேற்பட்டது. நீதிக்கட்சி அரசின் முதல் வகுப்புவாரி ஆணை வந்தது 1921 செப்டம்பர் 16 அன்று, அதாவது நேற்றைய தேதியில். 1928-ல் முத்தையா முதலியார் அமைச்சராக இருந்தபோது அது நடைமுறைக்கு வந்தது. 12 வேலை இருந்தால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, கிறித்தவர்–ஆங்கிலோ இந்தியர்களுக்கு 2, ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு 1. அந்த 5-ஐ யார் எடுத்தார்கள்? பிராமணரல்லாதாரில் ஏற்கெனவே நிலமும் படிப்பும் இருந்தவர்கள். பின்னால் நின்றவர்கள் 'எங்கள் பங்கு எங்கே' என்று கேட்டார்கள். 1947-ல் 14 வேலைகளாகக் கணக்கு மாறியபோது, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்குத் தனியாக 2 பிரித்துக் கொடுத்தார்கள். ஒடுக்கப்பட்ட வகுப்பினரின் பங்கு 2 ஆனது. 1951-ல் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையைச் செல்லாது என்றது. தமிழ்நாடு கொந்தளித்தது. அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்தது.

பிறகு பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குள்ளேயே அதே கேள்வி எழுந்தது. 1970-ல் சட்டநாதன் ஆணையம், மிகவும் பிற்படுத்தப்பட்டவர்களைத் தனியே பிரித்துப் பங்கு கொடுக்கச் சொன்னது. அரசு செய்யவில்லை. வடமாவட்டங்களில் நிலத்தில் உழைக்கும் மக்களாக, எண்ணிக்கையில் பெரியவர்களாக, படிப்பிலும் வேலையிலும் கடைசியில் நின்றவர்கள் வன்னியர்கள். 1980-ல் வன்னியர் சங்கம் உருவானது. மனு கொடுத்தார்கள், ஊர்வலம் போனார்கள், ஒரு நாள் மறியல் செய்தார்கள். 1987 செப்டம்பர் 17 முதல் ஒரு வாரம் சாலைகளை மறித்தார்கள். துப்பாக்கிச் சூடு உள்ளிட்ட போலீஸ் அடக்குமுறையில் 21 பேர் செத்தார்கள். பெரும்பாலும் கூலிக்காரர்கள், சிறு விவசாயிகள். அவர்கள் கேட்டது பங்கு. பெரியார் வாழ்நாள் முழுக்கக் கேட்டதும் அதைத்தான்.

1989-ல் கலைஞர் அரசு, பிற்படுத்தப்பட்டோரின் 50 விழுக்காட்டை 30, 20 என்று பிரித்தது. 20 விழுக்காடு மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும். வன்னியர்கள் மட்டுமல்ல, மீனவர், சலவைத் தொழிலாளர், முடி திருத்துபவர் என்று நூற்றுக்கும் மேற்பட்ட சாதிகள் அதில் வந்தன. இந்தக் கடற்கரையில் மீனவர் வீட்டுப் பிள்ளை ஒருவர் மருத்துவம் படிக்கிறார் என்றால் அதில் அந்த 21 பேரின் பங்கும் இருக்கிறது. 2025 ஜனவரியில் விழுப்புரத்தில் அவர்களுக்கு அரசே மணிமண்டபம் திறந்தது. அதற்கு அவர்கள் முழுத் தகுதி உடையவர்கள்.

இங்கேயே நிறுத்திவிட்டால் எல்லோரும் மகிழ்ச்சியாக வீட்டுக்குப் போகலாம். ஆனால் அதே 1987 செப்டம்பரில், அதே மறியல் நாட்களில், அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தில் தலித் மக்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன. அந்தக் குடிசைக்காரர்கள் வன்னியர்களின் இடஒதுக்கீட்டைப் பறித்தவர்கள் இல்லை. அவர்களுடைய 18 விழுக்காடு தனி. இவர்கள் கேட்டது பிற்படுத்தப்பட்டோரின் 50-க்குள். சண்டை சென்னைக் கோட்டையோடு. தீ வைத்தது சேரிக் கூரையில்.

ஏன் இப்படி நடக்கிறது? அம்பேத்கர் சாதியைப் படிக்கட்டுச் சமத்துவமின்மை என்று விளக்கினார். மேலே இருப்பவனைப் பார்த்து எழுகிற கோபம், கீழே ஒருவன் இருக்கிறான் என்ற ஆறுதலில் கரைந்துபோகும். மேல் படியை இடிக்கக் கிளம்பியவன், தன் படி கீழே இறங்கிவிடுமோ என்ற பயத்தில் கீழ்ப்படியில் இருப்பவனை மிதிப்பான். இது எந்த ஒரு சாதியின் குணமும் அல்ல. எந்தப் படியில் நிற்பவரும் செய்யக்கூடியது. இந்த மாவட்டத்தில் நடந்ததால் இந்த மாவட்டத்தில் பேசுகிறோம்.

மணிமண்டபத்தில் 21 பேரின் நினைவு இருக்கிறது. எரிந்த குடிசைகளுக்கு எந்தக் கல்லும் இல்லை. செப்டம்பர் 17 பட்டியல் எதிலும் அந்த வரி இல்லை. மாவட்டத்துக்குப் பெயர் மாறியது, விழுப்புரம் 1993-ல் தனி மாவட்டம் ஆனது. அந்த வரி மட்டும் எழுதப்படவே இல்லை.

எழுதாமல் விட்ட வரி திரும்ப வரும். 2013 ஏப்ரல் 25, சித்திரை முழுநிலவு நாள். மாமல்லபுரம் மாநாட்டுக்கு வண்டி வண்டியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனார்கள். மரக்காணத்தில் மோதல். தலித் குடியிருப்பில் வீடுகள் எரிந்தன. மாநாட்டுக்கு வந்தவர்களில் இருவர் இறந்தார்கள். அந்தச் சாவுகள் எப்படி நேர்ந்தன என்பதில் இன்றும் இரு தரப்பும் இரண்டு விதமாகச் சொல்கின்றன. இரண்டு பக்கமும் அழுதது உழைக்கும் வீடுதான். 2023-ல் இதே மாவட்டத்து மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் போன தலித் இளைஞர்கள் தாக்கப்பட்டார்கள். கோயிலுக்கே சீல் வைத்தார்கள். தலித் மக்கள் போலீஸ் பாதுகாப்போடு உள்ளே சென்று வழிபட 2025 ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதற்கு நடுவில் ஒவ்வொரு வருடமும் செப்டம்பர் 17 அன்று எல்லா அரசு அலுவலகங்களிலும் சமூகநீதி உறுதிமொழி வாசிக்கப்பட்டது. உறுதிமொழி தவறில்லை. அதை வாசித்துவிட்டு வெளியே வருகிறவர் எந்தத் தெருவுக்குள் போகமாட்டார் என்பதுதான் விஷயம்.

16, 17, 18

ஒரு தேதியை மட்டும் பார்ப்பதால்தான் இந்தச் சிக்கல் என்று எனக்குத் தோன்றுகிறது. முன்னும் பின்னும் ஒரு நாள் சேர்த்துப் பாருங்கள்.

செப்டம்பர் 16: எஸ். எஸ். இராமசாமி படையாட்சியார் பிறந்த நாள். பிறந்தது 1918. 1952 தேர்தலில் அவருடைய தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி 19 இடங்களில் வென்றது. சாதிப் பெயரை வைக்காமல் உழைப்பாளர் என்று பெயர் வைத்த கட்சி அது. பிறகு காமராசர் அமைச்சரவையில் இடம் பெற்றார்.

செப்டம்பர் 17: பெரியார்.

செப்டம்பர் 18: இரட்டைமலை சீனிவாசன் மறைந்த நாள், 1945. அவர் பிறந்த கோழியாளம் மதுராந்தகம் பக்கம். இங்கிருந்து மரக்காணம் வழியாக வடக்கே போனால் ஒரு காலைப் பொழுதில் சேர்ந்துவிடலாம். 1893-ல் 'பறையன்' என்ற பெயரிலேயே இதழ் நடத்தினார். எதை வைத்து இழிவுபடுத்தினார்களோ அதையே தலைப்பாக அச்சடித்தார். 1924-ல் சென்னை சட்டமன்றத்தில் அவர் கொண்டுவந்த தீர்மானத்தால்தான் பொதுச் சாலை, பொதுக் கிணறு எல்லா வகுப்பினருக்கும் உரியது என்று அரசு அறிவிக்க வேண்டி வந்தது. அம்பேத்கரோடு இலண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனவர்.

மூன்று நாள் அடுத்தடுத்து வருகின்றன. ஒரே மாவட்டத்தில் 16-க்கு ஒரு தெருவில் பேனர், 17-க்கு இன்னொரு இடத்தில் மாலை, 18-க்குப் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. 1924-ல் சாலைக்காகத் தீர்மானம் போட்டவரின் நினைவு நாள், 1987-ல் சாலையை மறித்தவர்களின் நினைவு நாளுக்கு மறுநாள். இதைத் தெய்வ ஒப்புதல் என்று நான் சொல்லமாட்டேன். தற்செயல்தான். ஆனால் இந்தத் தற்செயலுக்குப் பொருள் சொல்லும் உரிமையை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

எனக்குத் தெரிந்த பொருள் இது. 1921, 1947, 1987 என்று சமூகநீதி முன்னேறிய ஒவ்வொரு கட்டத்திலும் வரிசையின் பின்னால் நின்ற ஒருவர் 'என் பங்கு எங்கே' என்று கேட்டிருக்கிறார். அந்தக் கேள்வியைக் கேட்டவரின் பின்னாலும் ஒருவர் நின்றுகொண்டிருக்கிறார். தன் கேள்விக்குப் பதில் கிடைத்தவர் திரும்பிப் பார்த்து, பின்னால் நிற்பவரின் கேள்வியைக் கேட்கிறாரா என்பதுதான் சமூகநீதியின் தேர்வு. பிற்படுத்தப்பட்டோரை வன்னியர்கள் கேட்டார்கள். வன்னியர்களைத் தலித்துகள் கேட்கிறார்கள். பட்டியல் சாதிக்குள் அருந்ததியர் கேட்டார்கள், 2009-ல் 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தது. எல்லாச் சாதிக்குள்ளும் பெண்கள் கேட்கிறார்கள். இந்தக் கேள்விகளைப் பிரிவினை என்பவர், தன் கேள்வியையும் அன்று ஒருவர் அப்படித்தான் சொன்னார் என்பதை மறந்துவிட்டார்.

பங்கு கேட்பதற்குக் கணக்கு வேண்டும். 2021-ல் கொண்டுவந்த 10.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022 மார்ச் 31 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தபோது, போதிய தரவு இல்லை என்பதுதான் முக்கியக் காரணம். அதனால் சாதிவாரிக் கணக்கெடுப்பை வன்னிய இளைஞரும் தலித் இளைஞரும் ஒரே மேடையில் நின்று கேட்க முடியும். எண்ணிக்கையை மட்டும் அல்ல. யாருக்கு எவ்வளவு நிலம், எத்தனை பேர் கல்லூரி முடித்தார்கள், எத்தனை பேர் தினக்கூலி என்பதையும் எண்ணச் சொல்ல வேண்டும். அந்தக் கணக்கு வந்தால், இரண்டு தெருவும் ஒன்றை ஒன்று பார்த்து முறைத்துக்கொண்டிருந்த காலத்தில் நிலமும் வேலையும் எங்கே போனது என்று தெரிந்துவிடும்.

முடிக்கிறேன். அடுத்த வருடத்துக்காக மூன்று காரியங்களை முன்வைக்கிறேன். ஒன்று, செப்டம்பர் 16, 17, 18 மூன்றையும் ஒரே கூட்டமாக நடத்துங்கள். மூன்று படமும் ஒரே மேசையில் இருக்கட்டும். கூட்டம் இந்த வருடம் ஊர்ப் பகுதியில் நடந்தால் அடுத்த வருடம் சேரிப் பகுதியில் நடக்கட்டும். அங்கே தரும் தேநீரை எல்லோரும் ஒரே மாதிரி டம்ளரில் குடியுங்கள். இரண்டு, 1987-ஐ நேரில் பார்த்தவர்கள் இரண்டு பக்கமும் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அறுபது, எழுபது வயது இருக்கும். மகனைப் பறிகொடுத்த வீட்டுக்கும் போங்கள், கூரையைப் பறிகொடுத்த வீட்டுக்கும் போங்கள். கையில் போன் இருக்கிறது, அவர்கள் சம்மதத்தோடு பதிவு செய்யுங்கள். வன்னிய வீட்டுப் பிள்ளை எரிந்த குடிசையின் கதையைக் கேட்டு எழுதட்டும். தலித் வீட்டுப் பிள்ளை சுடப்பட்டவரின் கதையைக் கேட்டு எழுதட்டும். மூன்று, எழுதியதை இரண்டு தெருவிலும் சத்தமாக வாசியுங்கள். எதிர்ப்பு வரும். வரட்டும். பெரியார் கூட்டத்தில் செருப்பு விழாத காலம் உண்டா?

செப்டம்பர் 17 யாருடைய நாள் என்று கேட்டிருந்தேன். காலண்டர் அடிக்கிறவருடைய நாளாகவும் இருக்கலாம், ஆட்சியில் இருப்பவருடைய நாளாகவும் இருக்கலாம். எரிந்த குடிசையின் வரியை அந்தப் பட்டியலில் முதலில் எழுதுகிறவர்கள் நீங்களாக இருந்தால், அது உங்களுடைய நாள்.

ஜெய்பீம். வாழ்க பெரியார்.